கை படாத திருட்டு

நாச்சோ பெராசா அந்த ஸ்டூலை இரண்டு முறை சுற்றி வந்தான். மூன்றாவது சுற்றில் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"ஜுவெனால்தான் அக்கா. சந்தேகமே வேண்டாம். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

லுஸ் அப்யேவா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டாள். "எதை வச்சு சொல்ற?"

"மூஞ்சியை வச்சுத்தான். அவ்வளவு அழகா இருக்கிறவன் நல்லவனா இருக்க முடியாது."

"உன் பொண்டாட்டி எந்தெந்த நாள் அவன்கிட்ட கத்துக்கப் போறா?"

நாச்சோ கூரையைப் பார்த்தான். "திங்கள், வியாழன்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"அக்கா, நான் துப்பறியிற விஷயமா பேசறேன்."

கண்ணுகளா, ஸ்டாக்டன் நகரத்தில் கால்வாயை ஒட்டிய அந்தப் பழைய கிடங்கில் நாலு கதவுகள் இருந்தன. முதல் கதவுக்குள் தாய்லாந்துக் குத்துச்சண்டை, இரண்டாவதில் ஜப்பானிய ஜூடோ, மூன்றாவதில் பிலிப்பைன்ஸ் பிரம்படி, நாலாவதில் பாட்டோடு ஆடிக்கொண்டே உதைக்கிற பிரேசில்காரர்களின் கபொய்ரா. நாலு பேருக்கும் வாசல் ஒன்று, தாழ்வாரம் ஒன்று, பொறாமையும் ஒன்று. ஒருத்தர் வகுப்புக்கு ஒரு மாணவி புதிதாக வந்தால், மற்ற மூன்று பேருக்கும் அன்று சோறு இறங்காது.

புதன்கிழமை சாயங்காலம் முதல் கதவுக்குள் ஒரு பொருள் காணாமல் போயிருந்தது.

"வளையம் அந்த ஆணியிலதான் இருந்துச்சு." மேலே கை காட்டினாள் யெசேனியா பர்ரகான். இருபத்தாறு வயது. தக்காளி டப்பா ஆலையில் வேலை. லுஸுக்குப் போன் போட்டு வரச் சொன்னவள் அவள்தான். "ஆசானோட ஆசான் சிவப்பும் வெள்ளையுமா நூல்ல முறுக்கிக் கொடுத்த தலைவளையம். சண்டைக்கு முன்னாடி ஆசான் அதைத் தலையில வச்சுவிடுவார். கும்பிட்டு முடிச்சதும் அவரே எடுத்துடுவார். அது இல்லேன்னா சனிக்கிழமை மேடைப் பக்கமே வரமாட்டேன்னுட்டார். ஏற்கெனவே ரெண்டு தரம் தள்ளிப்போன சண்டை. இந்தத் தரமும் நான் வரலேன்னா அட்டவணையிலேர்ந்தே பேரை எடுத்துடுவாங்க. ரெண்டு வருஷமா விடியக்காலையில ஓடினதெல்லாம் வீணாப் போயிடும்."

கதவுக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு மரப்பலகை. அதில் பழைய ஆசான்களின் படங்களும் சாமந்தி மாலையும். பக்கத்தில் வெறும் ஆணி. ஆணிக்கு நேர் கீழே அந்த ஸ்டூல். ஸ்டூலின் மேல், பிடியில் சிவப்பு டேப் சுற்றிய பிரம்பு ஒன்று.

"அவ்வளவு உசரத்துல எதுக்கு மாட்டணும்?" என்றாள் லுஸ்.

பதில் சொன்னவர் ஆசான் சனோன். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே ராத்திரியில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அது மனுஷன் தலைக்கு மேலதான் இருக்கணும். தரையில படக்கூடாது. மேல ஆளு நடக்கிற இடத்துக்குக் கீழ வச்சாலும் தோஷம். மாடியில தையல் கடை இருக்குல்ல? அதனாலதான் வெளிச்சுவரோரமாப் பாத்து மாட்டினேன்."

"அந்தக் காலத்துல பொம்பளைங்க தொடவே கூடாதாம்," என்றாள் யெசேனியா. "எனக்காகத்தான் ஆசான் அதை மாத்தினார்."

டம் என்று ஒரு சத்தம். நாச்சோ துள்ளி விழுந்தான்.

மூலையில் இருந்த சிறிய சமையல் மேடையில் ஆசானின் மனைவி பிகுன் இரண்டு கைகளிலும் பாத்திரம் ஏந்தி நின்றாள். ஃப்ரிட்ஜின் கதவைக் காலால் சாத்தியிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு பட்ட வேகத்தில், ஃப்ரிட்ஜின் மேலிருந்த முட்டை அட்டை நாலு விரல் நகர்ந்திருந்தது.

"அந்த ஃப்ரிட்ஜ் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றான் நாச்சோ.

"கதவு சரியா மூடறதில்ல." பிகுன் சிரித்துக்கொண்டே சுட்ட பன்றி இறைச்சியும் ஒட்டுச் சாதமும் அவன் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க தம்பி. பசியில யாரைப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும்."

"இந்த வீட்ல ஒருத்தருக்காவது மனுஷங்களைப் புரிஞ்சிருக்கு," என்று நாச்சோ உட்கார்ந்துவிட்டான்.

லுஸ் ஸ்டூல் மேல் ஏறினாள். அவள் உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. கையைத் தூக்கினாள். ஆணி சுலபமாக எட்டியது. கொஞ்ச நேரம் ஆணியையும் பிரம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். நகரப் பேருந்து நிலையத்தில், தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்தவள் அவள்; நாச்சோ அங்கே அவளுக்கு உதவியாளாக இருந்தவன். ஒரு பொருளைப் பார்த்தால் அதை வைத்திருந்த கையும் அவள் கண்ணுக்குத் தெரியும்.

"பிரம்பை எடுத்துக்கோ நாச்சோ. இது எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க போவோம்."

அது முதலில் மூன்றாவது கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

டெல்ஃபின் கபானெலாவுக்கு வயது எழுபது. பிரம்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் கறுத்தது.

"என்னையா சந்தேகப்படற, தங்கச்சி? நம்ம ஊர்க்காரியா இருந்துக்கிட்டு?"

"உங்ககிட்டேர்ந்து எத்தனை பேர் அந்தப் பக்கம் போனாங்க அண்ணே?"

"பதினொண்ணு." யோசிக்கவே இல்லை அவர். "பேரு சொல்லவா? வரிசையாச் சொல்றேன். அந்த வளையத்தைத் தலையில மாட்டிக்கிட்டு ஃபோட்டோ எடுத்துக்கணும்னு போனவங்க. நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு குச்சி. குச்சியோட ஃபோட்டோ எடுத்தா மாடு மேய்க்கிறவன் மாதிரி இருக்குமாம்."

"பொறாமைதான்," என்று நாச்சோ குறிப்பேட்டில் எழுதினான்.

"ஆமாய்யா, பொறாமைதான். நல்லா பெரிசா எழுதிக்கோ. ஆனா திருடல." கிழவர் பிரம்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். சிவப்பு டேப்பில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. "இது என்ன?"

"சாமந்தி மகரந்தம்," என்றாள் லுஸ். "மாலையில உரசியிருக்கு."

டெல்ஃபின் உரக்கச் சிரித்தார். "டேப் சுத்தினது பிடி, தங்கச்சி! கையில பிடிக்க வேண்டியதை மாலைக்குள்ள விட்டிருக்கான். அடிக்கிற பக்கத்தைக் கையில பிடிச்சிருக்கான். என்கிட்ட ஒரு நாள் கத்துக்கிட்டவன்கூட இதைச் செய்யமாட்டான். கரண்டியைத் தலைகீழாப் பிடிச்சு சூப் குடிக்கிற மாதிரி இருக்கு. இந்தப் பிரம்புங்க தாழ்வாரத்து டிரம்லதான் கிடக்குது. யார் வேணா எடுக்கலாம்."

வெளியே வந்ததும் நாச்சோ ஒரு பெயரை அடித்தான். "பிரம்பு பிடிக்கத் தெரியாதவன். ஆட்டம் மட்டும் தெரிஞ்சவன். நாலாவது கதவு அக்கா, நாலாவது கதவு!"

நாலாவது கதவுக்குள் ஜுவெனால் தன் வில்லுக்குக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தான். அவர்கள் ஆட்டத்துக்குத் தாளம் போடுகிற ஒற்றைத் தந்தி வில். அவன் அழகாகத்தான் இருந்தான், அதில் நாச்சோவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க மாஸ்டர்?" நாச்சோ வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டான்.

"இங்கதான். பன்னெண்டு பேர் வட்டமா நின்னு ஆறரை வரைக்கும் பாடினோம். பக்கத்துல இடி விழுந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது."

"பாட்டுக்கு நடுவுல நழுவியிருக்கலாமே?"

ஜுவெனால் வில்லை நிமிர்த்தி நிறுத்தினான். ஏழு சாண் இருக்கும். "அண்ணே, என் கையில இது இருக்கு. தரையில நின்னுக்கிட்டே அந்த ஆணியைத் தொட்டுடுவேன். அப்புறம் எதுக்கு ஸ்டூலும் குச்சியும்?"

லுஸ் தலையாட்டினாள். நாச்சோ தலையாட்டவில்லை. "சரி, மரிசோல் எப்படிக் கத்துக்கிறா?"

"உங்க வீட்டம்மாவா? ஒரு உதைக்கு ஒரு தரம் 'என் நாச்சோ அப்படி, என் நாச்சோ இப்படி'ங்கறாங்க. கேட்டுக் கேட்டுக் காது வலிக்குது. என்னைப்பத்தி அப்படிப் பேச ஒரு ஆள் இருந்தா நான் எதுக்கு ராத்திரியெல்லாம் வில்லுக்குக் கம்பி மாத்திக்கிட்டு உட்காரப் போறேன்? உங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பொறாமையா இருக்கு."

நாச்சோ வயிற்றை வெளியே விட்டான். தாழ்வாரத்துக்கு வந்ததும் குறிப்பேட்டைத் திறந்து இரண்டாவது பெயரையும் அடித்தான். பக்கத்திலேயே 'நல்ல பையன்' என்று எழுதியதை லுஸ் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

இரண்டாவது கதவுக்குள் ஹத்சுயே மொரினாகா, எழுபத்தி நாலு வயது, மண்டி போட்டு மெத்தைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடி இல்லாத பகுதி அது. கூரை உயர்ந்து போயிருந்தது.

"காலணி வெளியே," என்றார் நிமிராமலே.

கழற்றினார்கள். நாச்சோவின் காலுறையில் ஓட்டை. மொரினாகா அதை மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"யெசேனியா போன மாசம் என்கிட்ட வந்து ரெண்டு பிடி கத்துக்கிட்டா. அதுக்கு சனோன் ஒரு வாரம் என்னோட பேசல. இப்ப நான்தான் திருடினேன்கிறாரா?"

"இன்னும் அந்த அளவுக்குப் போகலம்மா."

"சொன்னா சொல்லட்டும். என்னால ஸ்டூல்ல ஏற முடியாது, ரெண்டு முழங்காலும் போச்சு. ஆனா அவர் இங்க வந்தா இப்பவும் தூக்கிப் போடுவேன்." துணியைப் பிழிந்தார். பிறகு எதிர்ச் சுவரைக் காட்டினார். "திருடனைத் தேடறீங்களே, எங்க பெரியவரை யார் தொட்டதுன்னு முதல்ல கண்டுபிடிங்க."

அங்கே உயரத்தில் ஒரு குறுகிய பலகை. அதன் மேல் ஜூடோவின் ஆதி ஆசான் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்தது, படம் முன்பக்கமாகக் குனிந்திருக்கிறது.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நேரா உக்காந்திருந்த மனுஷன்," என்றார் மொரினாகா. "இன்னிக்கு என் தரை சுத்தமா இருக்கான்னு எட்டிப் பாக்கறார்."

லுஸ் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு, "நாச்சோ, அந்த ஸ்டூலை எடுத்துட்டு வா. யாரும் பாக்காம," என்றாள்.

ஏறினாள். படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம். தொடாமல் இறங்கினாள்.

"இருக்கா?" நாச்சோ வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"இருக்கு. அது அங்கேயே இருக்கட்டும்."

"அக்கா! பொருள் கிடைச்சா கேஸ் முடிஞ்சுதே!"

"பொருள் கிடைச்சுது. கை கிடைக்கலையே." லுஸ் ஸ்டூல் மேலேயே உட்கார்ந்தாள். "நம்ம ஜன்னல்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு பொருள் மேல மனசுல என்ன மரியாதை இருக்கோ, அதுக்குத் தகுந்த இடத்துலதான் அதைத் திருடினவன்கூட வைப்பான். இதைக் கால்வாய்ல வீசியிருக்கலாம். கார் சீட்டுக்கு அடியில போட்டிருக்கலாம். இந்தக் கட்டடத்துலயே தலைக்கு மேல ஆளு நடக்காத, தரை சுத்தமான, உசரமான இடம் தேடி வச்சிருக்கு. அப்ப திருடினது?"

"பக்திமான்."

"இன்னொண்ணு. ஸ்டூல் மேல ஏறினா எனக்கே ஆணி எட்டுது. அப்புறம் பிரம்பு எதுக்கு?"

நாச்சோ தலையைச் சொறிந்தான். அரை நிமிஷம் கழித்து அவன் கை நின்றது. "தொடக்கூடாதுன்னு."

"ம்."

"திருடும்போதுகூடவா?"

லுஸ் மொரினாகாவைப் பார்த்தாள். "அம்மா, பழைய வெள்ளை பெல்ட் ஒண்ணு இருந்தா கொடுங்க. நாச்சோ, டெல்ஃபின் அண்ணன்கிட்ட சிவப்பு டேப் வாங்கிட்டு வா."

அரை மணி நேரத்தில் எல்லோரும் முதல் கதவுக்குள் கூடினார்கள். சனோன், யெசேனியா, டெல்ஃபின், ஜுவெனால், மொரினாகா. எல்லோருக்கும் பின்னால், சமையல் மேடையருகே, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி பிகுன். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் ஜூடோ அறையின் கதவு அகலத் திறந்திருந்தது.

"வளையம் கிடைச்சிடுச்சு," என்றாள் லுஸ். "வெளியே குப்பைத் தொட்டியில."

சனோன் சுவரில் சாய்ந்தார். யெசேனியா அழுதேவிட்டாள்.

லுஸ் பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். துணியை விலக்கினாள். சிவப்பும் வெள்ளையுமாக வளையம் தெரிந்தது. ஆணியில் மாட்டக் கையை உயர்த்தியவள், "ஐயோ!" என்றாள்.

வளையம் நழுவியது.

மொரினாகாவைத் தவிர நாலு பேரும் கையை நீட்டினார்கள். யாருக்கும் எட்டவில்லை. எல்லோருக்கும் பின்னால் இருந்தவள் இரண்டே எட்டில் நாச்சோவின் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, முழங்கால் தரையில் பட விழுந்து, அதைத் தாங்கிவிட்டாள். தரைக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

பிகுன் மூச்சு வாங்க அதைப் பார்த்தாள். முகம் மாறியது. "இது... இது அது இல்லையே."

"இல்லைதான்," என்று லுஸ் இறங்கினாள். "ஜூடோ பெல்ட். நாச்சோ செஞ்சான். ஸ்கூல்ல கைவேலையில அவன் முதல் பரிசாம்."

"ரெண்டாம் பரிசு," என்றான் நாச்சோ தோளைத் தடவிக்கொண்டு.

"இது போலின்னு தெரிஞ்சதும் எல்லாரும் என்னைப் பாத்தீங்க. பிகுன், நீங்க மட்டும் எதிர் ரூம்ல அந்தப் படத்தைப் பாத்தீங்க. அதுக்கு முன்னாடி, எல்லாரும் வெறுங்கையை நீட்டினாங்க. நீங்க ஏப்ரனை விரிச்சீங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். போலி வளையம் ஏப்ரனின் மடியில் கிடந்தது. பிகுனின் விரல்கள் துணிக்கு வெளியே இருந்தன. ஒரு விரல்கூட அதன் மேல் படவில்லை.

"நீயா?" என்றார் சனோன்.

பிகுன் எழுந்து நின்றாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது. அது போனதும் அவள் தோள்கள் எவ்வளவு அகலம் என்பது தெரிந்தது.

"நான்தான். ஏன், நீங்க மறந்துட்டீங்களா? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே ஊரு, இதே கண்காட்சித் திடல். நான் ஏழு சண்டை ஜெயிச்சிட்டு வந்தவ. நீங்கதான் எனக்கு ஆசான். வளையம் வச்சுவிடுங்கன்னு கேட்டேன். பொம்பள தலையில பட்டா சக்தி போயிடும்னீங்க. வெறுந்தலையோட மேடை ஏறினேன். தோத்தேன். மறு வாரம் வந்து கட்டிக்கறியான்னு கேட்டீங்க."

டெல்ஃபின் தன் பிரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிலேர்ந்து அந்தப் பலகையைத் தூசி தட்டும்போதுகூட துடைப்பக் குச்சியாலதான் தட்டறேன். ஒரு நாளும் தொட்டதில்ல. போன வாரம் இவகிட்ட சொன்னீங்க, சனிக்கிழமை உன் தலையில வச்சுவிடறேன்னு. நான் அங்க நின்னு சோறு கிளறிக்கிட்டு இருந்தேன். இப்ப மட்டும் சக்தி எங்கயும் போகாதா? எனக்குன்னா போகும், இவளுக்குன்னா போகாதா?"

"அக்கா..." என்றாள் யெசேனியா.

"நீ பேசாதடி. உன் மேல எனக்குக் கோபமில்ல." பிறகு நிறுத்தி, "இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். உன் காலைப் பாத்தா இருக்கு, நீ ஓடறதைப் பாத்தா இருக்கு. உனக்கு இருபத்தாறு வயசு, அதுவே எனக்கு ஆகல. எரிச்சிடலாம்னுதான் எடுத்தேன்." பிரம்பைக் காட்டினாள். "எடுத்தேன்னா, கையாலயா எடுத்தேன்? குச்சியால. திருடப் போனவ, அவர் சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டே திருடியிருக்கேன். எரிக்க மனசு வராம, ஸ்டூலை அங்க தூக்கிட்டுப் போய் அந்தப் படத்துக்குப் பின்னால குச்சியாலயே வச்சுட்டுத் திரும்பினேன். அதுக்குள்ள பாட்டு நின்னுச்சு, பயந்து ஸ்டூலையும் குச்சியையும் இங்கயே போட்டுட்டு ஓடிட்டேன். நினைச்சா என் மேலயே எனக்கு ஆத்திரமா வருது."

சனோன் மேடையில் ஆயிரம் அடி வாங்கிய மனிதர். எதற்கும் அசராத அந்தத் தாடை மெல்ல ஆடியது.

அவர் குனிந்து ஸ்டூலை எடுத்தார். தாழ்வாரத்தைத் தாண்டி, வாசலில் காலணியைக் கழற்றி, ஜூடோ அறைக்குள் போனார். மொரினாகா வழிவிட்டார். படத்துக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீயே எடு," என்றார்.

பிகுன் அந்த அறையின் வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என் ஆசான் சொன்னாரு, அவரோட ஆசான் சொன்னாருன்னு சொன்னேன். உண்மை அது மட்டும் இல்ல. அப்ப நான் மூணு சண்டை தொடர்ந்து தோத்திருந்தேன். நீ ஏழு ஜெயிச்சிருந்த." நிமிர்ந்தார். "பொறாமை உனக்கு மட்டும்தான்னு நினைச்சியா?"

நாச்சோ குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தான்.

பிகுன் ஏறினாள். படத்துக்குப் பின்னால் போன கை, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பிறகு தொட்டது. இருபத்திரண்டு வருஷம் தூசி தட்டிய பொருளின் கனம் எவ்வளவு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ரொம்ப லேசாக இருந்ததாம். பின்னால் லுஸிடம் சொன்னாள்.

சனிக்கிழமை கண்காட்சித் திடலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நாலு கதவுக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சோ நடுவில், ஒரு பக்கம் மரிசோல், மறுபக்கம் ஜுவெனால், முன் வரிசையில் லுஸ். இரண்டு பேருக்கும் சேர்த்தே வறுத்த சோளம் வாங்கியிருந்தான்.

மேடை மூலையில் யெசேனியா தலை குனிந்தாள். சனோன் விலகி நின்றார். வளையத்தை அவள் தலையில் வைத்தது பிகுன்.

"அக்கா, அழுத்தறீங்க."

"அழுத்தத்தான் அழுத்துவேன். ரெண்டு நாள்ல எல்லாம் போயிடுமா? போய்க் கும்பிட்டுட்டு வா."

யெசேனியா மேடையைச் சுற்றி வந்து, நாலு மூலையும் வணங்கித் திரும்பினாள். பிகுன் வளையத்தை எடுத்தாள். மணி அடித்தது. அரங்கமே எழுந்து நின்றது.

எல்லோர் கண்ணும் மேடையில் இருந்தபோது, லுஸ் மட்டும் மூலையைப் பார்த்தாள். பழைய வேலைப் பழக்கம் அது. பிகுன் முதுகைத் திருப்பிக்கொண்டாள். வளையத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் தலையில் வைத்தாள். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிற நேரம்தான். பிறகு எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சனோனும் பார்த்துவிட்டார். உடனே முகத்தை மேடைப் பக்கம் திருப்பி, "காலைத் தூக்கு, யெசேனியா, காலை!" என்று தேவைக்கு மேலேயே கத்தினார்.

நாச்சோ பின்னாலிருந்து லுஸின் தோளைத் தட்டினான். "அக்கா, பாத்தீங்களா?"

"என்னத்தை?" என்றாள் லுஸ், சண்டையைப் பார்த்துக்கொண்டே.